முள் இறங்க வேண்டும்

ஓடும்போது அந்தக் காரைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாது. நின்றால்தான் வினை. கோரிமேட்டு சிக்னலில் சிவப்பு விழுந்து துர்கா வண்டியை நிறுத்தியதும் எஞ்சின் இரண்டு தரம் குலுங்கியது. பெட்ரோல் நாற்றம் குப்பென்று உள்ளே ஏறியது. மூன்றாவது குலுக்கலில் அணைந்தே போனது. பச்சை விழுந்ததும் பின்னாலிருந்த பஸ்காரர் ஹாரனில் கை வைத்தவர் எடுக்கவில்லை.

நம் ஊரில் நடுரோட்டில் ஒரு கார் நின்றுவிட்டால் ஆளுக்கா பஞ்சம்? யோசனை சொல்ல நாலு பேர், தள்ள மூன்று பேர், வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம். அதையெல்லாம் துர்கா பொறுத்துக்கொள்வாள். பொறுக்க முடியாதது வேறொன்று. கண்ணாடி வழியாகக் குனிந்து பார்க்கிறவர் முதலில் ஸ்டியரிங் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் கைப்பிடியைப் பார்ப்பார். அடுத்து, அவள் வலது காலைத் தாங்க மாட்டியிருக்கும் காலிப்பரையும், பக்கத்து சீட்டில் சாய்த்திருக்கும் ஊன்றுகோலையும் பார்ப்பார். அதுவரை கடுகடுவென்று இருந்த முகம் உடனே இளகிவிடும்.

"அடடா! நீ உக்காரும்மா, நாங்க தள்ளிக்கறோம்" என்றார் இன்றைக்கு வந்தவர். ஆஸ்பத்திரிக்கு யாரையோ பார்க்க வந்தவர் போல, கையில் ஹார்லிக்ஸ் பாட்டில்.

துர்கா பல்லைக் கடித்துக்கொண்டு "ரொம்ப நன்றிங்க" என்றாள். உதவி செய்ய வந்தவர்மேல் எரிந்துவிழ முடியுமா? ஆனால் உள்ளுக்குள் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. தீபாவளிக்கு முன்பிருந்தே இந்தக் கூத்து. இதோ கார்த்திகையும் பிறந்துவிட்டது.

அவளுக்கு முப்பத்துமூன்று வயது. லாஸ்பேட்டையில் ஒரு அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலை, கதிர்காமத்தில் வீடு. இரண்டு வயதில் வந்த இளம்பிள்ளைவாதம் வலது காலை எடுத்துக்கொண்டது, இடது காலை விட்டுவைத்தது. பள்ளிக்கூடம், கல்லூரி, வேலையில் சேர்ந்த முதல் சில வருடங்கள் என்று எல்லாமே அப்பா பக்கிரியின் சைக்கிளிலும், பிறகு அவருடைய எக்ஸ்எல் மொபெட்டிலும்தான். மில்லில் வேலை பார்த்தபோது ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்து ஏற்றிப்போவார். மில் மூடிய பிறகு ஒரு கல்லூரியில் வாட்ச்மேன் வேலைக்குப் போனார், அதையும் அவள் நேரத்துக்குத் தோதாகத்தான் பார்த்துச் சேர்ந்தார். நடுவில் அவளே ஒரு மூன்று சக்கர ஸ்கூட்டர் வாங்கினாள். அது ஒரு மழை நாளில் கவிழ்ந்து அவள் தோள்பட்டை இறங்கியது. அன்றோடு அம்மா கன்னியம்மாள் அதை வீட்டுக்குள் விடவில்லை.

ஆறு வருடத்துக்கு முன் இந்தப் பழைய சின்னக் காரை வாங்கினாள். மெக்கானிக் இளஞ்செழியன் லேத்துப் பட்டறையில் பக்கத்திலேயே நின்று கைப்பிடி கடைந்து மாட்டிக்கொடுத்தான். முன்னால் தள்ளினால் பிரேக், கீழே அழுத்தினால் வேகம். கிளட்சுக்கு இடது கால் போதும். முறைப்படி அனுமதி வாங்கி, லைசென்ஸ் எடுத்து, முதல் நாள் அலுவலகத்துக்குத் தனியாகப் போய் இறங்கியபோது அவளுக்கு ஏதோ வெளிநாட்டில் இறங்கியதுபோல இருந்தது. அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடற்கரைப் பக்கம் போய், காருக்குள்ளேயே உட்கார்ந்து, ஒருத்தரும் கூட இல்லாமல் ஒரு பொட்டலம் சுண்டலைத் தின்றுவிட்டு வருவாள். எங்கே போனாய் என்று கேட்டால் "சும்மா" என்பாள். சும்மா போய்விட்டு வருவது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, சும்மா போக முடியாதவர்களுக்குத்தான் தெரியும்.

அந்தக் காருக்கு இப்போது இருபது வயது முடிகிறது. வெள்ளிக்கிழமைக்குள் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பித்தால் இன்னும் ஐந்து வருடம் ஓட்டலாம். புதுப்பிக்கப் புகைச் சான்றிதழ் வேண்டும். அதுதான் கிடைக்கவில்லை. கிடைக்காவிட்டால் வண்டி காயலான் கடைக்கு. இன்னொரு கார் வாங்கி, அதில் கைப்பிடி மாட்டி, அனுமதிக்கு அலைந்து முடிப்பதென்றால் அவள் சம்பளத்துக்கு அது எந்தக் காலத்தில் நடக்குமோ! இன்றைக்குத் திங்கட்கிழமை.

சிக்னலில் தள்ளிவிட்டவர்கள் புண்ணியத்தில் வண்டி கிளம்ப, நேரே பெட்ரோல் பங்க் ஓரமாக நிற்கும் புகை டெஸ்ட் வேனுக்குப் போனாள். அங்கே வேலை பார்க்கும் சிந்துஜா போன வாரமே ஒருமுறை எடுத்துப் பார்த்துத் தலையாட்டியவள். இன்றைக்கும் கருவியின் குழாயை சைலன்சருக்குள் செருகிவிட்டு, கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

"கார்பன் மூணு புள்ளி ரெண்டுக்கா. அரைக்குள்ள இருக்கணும்."

"நின்னுகிட்டு இருக்கறப்பதான் எடுப்பியா? ஓடறப்ப எடுத்துப் பாரேன். ஓடறப்ப தங்கமா ஓடுது."

"ஓடற வண்டிக்குப் பின்னாடி நான் குழாயப் புடிச்சிக்கிட்டு ஓடட்டாக்கா?" என்று சிந்துஜா சிரித்தாள். பிறகு துர்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "வெள்ளிக்கிழம காத்தால வரைக்கும் நான் இங்கதான்க்கா இருப்பேன். எப்ப வேணா எடுத்துட்டு வாங்க."

இளஞ்செழியன் ஏற்கனவே பார்க்காததைப் பார்த்துவிட்டான். பிளக் மாற்றினான். ஏர் ஃபில்டர் மாற்றினான். பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைக் கழற்றிக் கழுவினான். ஒவ்வொரு முறையும் "இதோட சரியாப்பூடும் மேடம்" என்றான், ஒரு முறையும் சரியாகவில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே நின்ற விதத்திலேயே துர்காவுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"மேடம், நான் சொன்னா கோச்சிக்கக் கூடாது. வண்டிக்கும் வயசாயிடுச்சி. எவ்ளோதான் செலவு பண்ணுவீங்க? விட்டுடலாமா?"

அவளைக் கூட்டிப்போக எக்ஸ்எல்லில் வந்திருந்த பக்கிரிதான் பதில் சொன்னார். "அவன் சொல்றது நாயந்தான் பாப்பா. நான் எதுக்கு இருக்கறன்? முன்ன மாதிரியே கொண்டாந்து வுட்டு இட்டுனு வர்றன்."

வெளியே வந்தபோதுதான் துர்கா கவனித்தாள். எக்ஸ்எல்லுக்குப் புது சீட் உறை போட்டிருந்தது. பின் சீட்டில் கூடுதலாக ஒரு ஸ்பாஞ்சு வைத்துத் தைத்திருந்தது. டயர்கூடப் புதுசு. மனுஷன் சொல்லாமல் கொள்ளாமல் தயாராகிவிட்டார்! அறுபத்துநாலு வயதில், முட்டி வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு படுக்கிறவர். அவளுக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. அப்பா அவளைத் தூக்கிப் பின் சீட்டில் உட்கார வைத்தார். அந்தக் கைகளில் ஒரு துளி அலுப்பு இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. இந்தக் கைகள் இருக்கிற வரைக்கும் இப்படியே போகலாம். அதற்குப் பிறகு?

அன்று ராத்திரி முழுக்க அவள் மண்டையில் ஒரே கேள்வி குடைந்துகொண்டிருந்தது. மேட்டில் ஏறும்போது இழுக்கிறது, ஈசிஆர் ரோட்டில் பறக்கிறது, நின்றால் மட்டும் ஏன் குமட்டுகிறது?

புதன்கிழமை அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டு அப்பாவோடு பட்டறைக்குப் போய், ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இளஞ்செழியன், வயசானதுன்னா எப்பவும் வயசானதாத்தான இருக்கணும்? ஓடறப்ப மட்டும் எளமை திரும்புதா? நிக்கறப்ப இன்னா மாறுது, அத மட்டும் சொல்லுங்க எனக்கு."

"நிக்கறப்ப இன்னா மாறுது..." என்று இளஞ்செழியன் பானெட்டுக்குள் குனிந்தான். "நிக்கறப்ப நீங்க கைப்பிடிய அழுத்த மாட்டீங்க. காத்து போற கதவு சாத்திக்கும். எஞ்சின் மூச்சு வுட முடியாம பலமா உறிஞ்சும்."

"உறிஞ்சினா?"

"உறிஞ்சினா பெட்ரோலும் சேந்து ஜாஸ்தியா வரும். ஆனா அதுக்குத்தான் ரெகுலேட்டர் இருக்குதே..." சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்தினான்.

அவன் அதற்கப்புறம் சொன்னதைத் துர்கா இப்படிப் புரிந்துகொண்டாள். சாமான் ஏற்றிய தள்ளுவண்டியை ஒருவன் முன்னால் இழுக்கிறான், ஒருவன் பின்னால் தள்ளுகிறான். இன்ஜெக்டருக்குப் பின்னாலிருந்து பெட்ரோலின் அழுத்தம் தள்ளுகிறது, முன்னாலிருந்து எஞ்சின் உறிஞ்சி இழுக்கிறது. எஞ்சினின் கம்ப்யூட்டர் பெட்ரோலை அளந்தெல்லாம் பார்ப்பதில்லை. இன்ஜெக்டரை எத்தனை நொடித்துளி திறந்து வைப்பது என்பதை மட்டும்தான் முடிவு செய்யும். இத்தனை நேரம் திறந்தால் இத்தனை பெட்ரோல் என்று அது கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறது. அந்த நம்பிக்கை பலிக்க வேண்டுமென்றால் தள்ளுகிறவனும் இழுக்கிறவனும் சேர்ந்து எப்போதும் ஒரே வேகம் தர வேண்டும். முன்னால் இருப்பவன் பலமாக இழுக்கும்போது பின்னால் இருப்பவன் தன் கையைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். அவன் சோர்ந்தால் இவன் அழுத்த வேண்டும்.

தளர்த்துவதும் அழுத்துவதும்தான் ரெகுலேட்டரின் வேலை. பெட்ரோல் வரும் குழாயின் கடைசியில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு தகரக் கிண்ணம். உள்ளே ஒரு ரப்பர் தகடும் ஒரு ஸ்பிரிங்கும். அழுத்தம் மிஞ்சினால் ரப்பர் தகடு விலகி, மிச்சப் பெட்ரோலைத் திரும்ப டாங்கிக்கே அனுப்பிவிடும். எஞ்சின் எவ்வளவு பலமாக உறிஞ்சுகிறது என்று அதற்கு எப்படித் தெரியும்? எஞ்சினிலிருந்து பென்சில் கனத்தில் ஒரு ரப்பர் குழாய் அந்தக் கிண்ணத்தின் தலைக்கு வருகிறது. உறிஞ்சல் கூடினால் அந்தக் குழாய் வழியாக ரப்பர் தகட்டையும் சேர்த்து இழுக்கும். தகடு சீக்கிரம் விலகும், அழுத்தம் குறையும்.

"பிரஷர் பாத்தீங்களா?" என்றாள் துர்கா.

"பாத்தனே! ரிட்டன் குழாயக் கொறட்டால அமுக்கி, காதாலயே பாத்தன். பிரஷர் சும்மா கும்முனு இருக்குது."

"கொறைவா இருக்குதான்னு பாத்தீங்க. ஜாஸ்தியா இருக்குதான்னு பாத்தீங்களா?"

இளஞ்செழியன் தலையைச் சொறிந்தான். பதினெட்டு வருடத் தொழிலில் பிரஷர் இல்லை என்று வந்த வண்டிகள்தான். பம்ப் போச்சு, ஃபில்டர் அடைப்பு, பிரஷர் ஏறவில்லை. அதிகமாக இருக்கிறது என்று யார் வந்தார்கள்? அதனால் அவன் காதும் குறைவதற்கே பழகிப்போயிருந்தது. அவன் மட்டுமல்ல, ஊரில் எந்தப் பட்டறையிலும் இதே கதைதான். உள்ளே போய், பீரோ மேலிருந்து தூசி படிந்த ஒரு டப்பாவை எடுத்து வந்தான். பிரஷர் கேஜ். வாங்கிய புதிதில் நாலு முறை போட்டதோடு சரி.

கேஜை மாட்டி எஞ்சினை ஓடவிட்டான். முள் மூன்று கிலோவில் போய் நின்றது.

"மூணு. நிக்கற வண்டிக்கு ரெண்டரைதான் இருக்கணும் மேடம். இப்ப பாருங்க, நான் இந்தச் சின்னக் குழாயப் புடுங்கப் போறன். புடுங்கினா உறிஞ்சல் தெரியாம, முள்ளு சட்டுனு மேல ஏறணும்."

பிடுங்கினான். மூன்று பேரும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முள் அசையவில்லை. குழாய் இருந்தாலும் மூன்று, இல்லாவிட்டாலும் மூன்று.

இளஞ்செழியன் பிடுங்கிய குழாயின் வாயில் ஆள்காட்டி விரலை வைத்தான். ஓடுகிற எஞ்சின் அந்த விரலை அட்டைப்பூச்சி மாதிரி கவ்விப் பிடித்திருக்க வேண்டும். கவ்வவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு, குழாயை முழுசாகக் கழற்றி வாயில் வைத்து ஊதினான். கன்னம்தான் உப்பியது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். உள்ளே வெள்ளையும் மஞ்சளுமாகச் சுண்ணாம்புபோல ஏதோ கெட்டியாக அடைத்திருந்தது. ரெகுலேட்டர் தலையிலும், குழாய் செருகுகிற சின்ன மூக்கிலும் அதுவேதான். நகத்தால் கொஞ்சம் சுரண்டி மூக்கருகே கொண்டுபோனான். அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

"மேடம், இது சந்தனம்."

"இன்னாது?"

"சாமி சத்தியமா சந்தனம். மோந்து பாருங்க. நடுவுல குங்குமம்கூட இருக்குது."

துர்கா மெதுவாகத் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். பக்கிரி பட்டறைக் கூரையில் ஏதோ முக்கியமான விஷயம் இருப்பதுபோல மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா."

"இல்ல பாப்பா... ஆயுத பூசைக்கு எஞ்சினத் தொடைச்சனா. அந்தக் குழா ஒரே அழுக்கா இருந்திச்சி. கழட்டித் தொடைச்சி வெச்சன். மறுநா மாட்டிட்டன். கரிக்டாதான் மாட்டனன்!"

"நடுவுல?"

"நடுவுல உங்கம்மா வந்து பொட்டு வெச்சா."

துர்கா போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். மறுமுனையில் கன்னியம்மாளுக்கு விஷயம் புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் அவள் குரலில் குற்ற உணர்ச்சியெல்லாம் இல்லை, நியாயம்தான் இருந்தது.

"ஆமா வெச்சன். எல்லாத்துக்கும் வெச்சிட்டு பாத்தா அது ஒண்ணு மட்டும் வாயப் பொளந்துகிட்டு இருந்திச்சி. அத மட்டும் வுட்டா நல்லாவா இருக்கும்? அதுக்கும் நல்லா அழுத்தி ஒண்ணு வெச்சன்."

இளஞ்செழியன் தூணுக்குப் பின்னால் போய் நின்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். துர்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்றரை மாதம்! சிக்னல் சிக்னலாக நின்றது, தேன் ஒழுகப் பேசியவர்களுக்கு நன்றி சொன்னது, ராத்திரி தூக்கம் வராமல் கூரையைப் பார்த்துக்கிடந்தது எல்லாம் ஒரு பொட்டுக்காக.

"ஏம்மா இப்படிப் பண்ண? வண்டி போச்சுன்னா எனக்கு இன்னா இருக்குதுன்னு தெரியுமா ஒனக்கு?" என்று கத்திவிட்டாள்.

போனில் கன்னியம்மாளின் குரல் உடைந்து வந்தது. "தெரியும்டி. நீ தனியா ஓட்டினு போற. சாயங்காலம் வாசல்ல ஹாரன் அடிக்கற வரைக்கும் எனக்கு உசுரு உசுரா இருக்காது. ஒன் வண்டில சாமி கண்ணு படாத எடம் ஒண்ணுகூட இருக்கக் கூடாதுன்னுதான் வெச்சன்."

இப்படிச் சொல்கிறவளிடம் என்ன சண்டை போடுவது? "சரி, அழாத. அடுத்த வருஷமும் வை. மூடியிருக்கற எடமாப் பாத்து வை" என்று சொல்லி போனை வைத்தாள்.

குழாய்க்கு வேறு துண்டு வெட்டி மாட்டிக்கொள்ளலாம், அது பெரிய விஷயமில்லை. ரெகுலேட்டரின் மூக்குதான் சிக்கல். எஞ்சின் சூட்டில் சந்தனம் வெந்து கல்லாகியிருந்தது. அதற்குக் கீழேயே ரப்பர் தகடு. கம்பியை விட்டுக் குத்தினால் தகடு கிழிந்துவிடும். "இந்தப் பழைய வண்டிக்கு ரெகுலேட்டர் இங்க கெடைக்காது மேடம். மெட்ராஸ்ல சொல்லி வரவழைக்கணும். எப்படியும் திங்கக்கெழம ஆயிடும்" என்றான் இளஞ்செழியன். திங்கட்கிழமை வந்து என்ன பிரயோசனம்?

அவன் விரல்களைத் துர்கா பார்த்தாள். ஒவ்வொன்றும் முருங்கைக்காய் கனம். "கழட்டி என்கிட்ட குடுங்க" என்றாள்.

இரண்டு போல்ட்டைக் கழற்றி, கிண்ணத்தைத் துடைத்து அவள் கையில் கொடுத்தான். அவள் துப்பட்டாவிலிருந்து ஊக்கைக் கழற்றினாள். டீக்கடையிலிருந்து வெந்நீர் வந்தது. ஒரு சொட்டு விடுவாள், ஊறுகிற வரை காத்திருப்பாள், ஊக்கு நுனியால் அரிசிக் குருணை அளவு சுரண்டிக் கவிழ்த்துத் தட்டுவாள். மறுபடி ஒரு சொட்டு. பக்கிரி செல்போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய முட்டி வலிப்பது அவர் மூச்சிலேயே தெரிந்தது. "ஸ்டூல்ல உக்காருப்பா" என்றாள். "பரவால்ல" என்றார். முக்கால் மணி நேரம் இப்படியே போனது. கடைசிக் குருணை வெளியே வந்தபோது உள்ளே கறுப்பாக ரப்பர் தெரிந்தது. கிழிந்திருக்கிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்ல முடியாது. மாட்டினால்தான் தெரியும்.

இளஞ்செழியன் மாட்டினான். புதுக் குழாயைச் செருகாமல் கையில் வைத்துக்கொண்டே எஞ்சினை ஓடவிட்டான். முள் மூன்று. அவன் துர்காவிடம் குழாயை நீட்டினான். "நீங்களே மாட்டுங்க மேடம்."

அவள் ஊன்றுகோலைப் பக்கத்தில் சாய்த்துவிட்டு, ஒரு கையால் காரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எட்டிச் செருகினாள். எஞ்சினின் சத்தம் மாறியது. கரகரவென்று இருமிக்கொண்டிருந்தது தணிந்து ஒரே சீராக ஆனது. முள் மூன்றிலிருந்து சரசரவென்று இறங்கி, இரண்டரையில் போய் அசையாமல் நின்றது. துர்கா வாய்விட்டுச் சிரித்தாள். அழுதாள் என்றும் சொல்லலாம், இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை.

"மேடம், இனிமே ஆயுத பூசை முடிஞ்ச மறுநா எந்த வண்டி வந்தாலும் மொதல்ல குழாய மோந்துதான் பாப்பன்" என்றான் இளஞ்செழியன்.

வியாழக்கிழமை சிந்துஜாவின் கருவி புள்ளி மூன்று காட்டியது. அவள் நம்பாமல் இன்னொரு தரம் எடுத்தாள், அதுவும் புள்ளி மூன்று. சான்றிதழ் அச்சாகி வெளியே வந்தபோது, "அக்கா, இன்னா பண்ணீங்க?" என்று கேட்டாள். "சாமி கும்பிட்டத கொஞ்சம் கொறைச்சிட்டோம்" என்றாள் துர்கா.

வெள்ளிக்கிழமை காலையில் மழை தூறிக்கொண்டிருந்தது. போக்குவரத்து அலுவலகத்துக்குப் பக்கிரியும் கூடவே வந்தார். வேண்டாம் என்றால் கேட்கிற ஆளா? முன் சீட்டில் குடையை மடியில் வைத்துக்கொண்டு, வழி நெடுக ரோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு சிக்னலிலும் அவர் கை தானாகக் கதவுக் கைப்பிடிக்குப் போனது. இறங்கித் தள்ளத் தயாராம். ஒரு சிக்னலிலும் தேவைப்படவில்லை.

மைதானத்தில் ஆய்வாளர் வண்டியைச் சுற்றி வந்தார். விளக்கு, ஹாரன், டயர், சேசிஸ் நம்பர். பிறகு உள்ளே குனிந்து கைப்பிடியைப் பார்த்தார். துர்கா அந்த முகத்துக்காகக் காத்திருந்தாள், இளகப்போகிற முகத்துக்காக. இளகவில்லை.

"யாரு ஓட்டுவாங்க?"

"நான்தான் சார்."

"அந்தக் கடைசி கம்பம் வரைக்கும் போய்ட்டு வாங்க. நடுவுல நான் கை காட்டினா பிரேக் போடணும்."

போனாள். கை காட்டினார், நிறுத்தினாள். திரும்பி வந்தாள். "எஞ்சின அணைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு அவர் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, மழைக்கு ஃபைலை நெஞ்சோடு அணைத்தபடி ஏதோ எழுதினார். எழுதினார், எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார். துர்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு எஞ்சினின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தாள். அது தன்பாட்டுக்குச் சீராக ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் அவர் பானெட்டை இறக்கி, "நல்லா வெச்சிருக்கீங்க. அஞ்சு வருஷம் போட்டிருக்கு, சாயங்காலம் ஆன்லைன்ல வந்துடும்" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

ஐந்து வருடம்! அவளுக்கு யாரையாவது கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. வாசலில் பக்கிரி குடைக்குள் நின்றுகொண்டிருந்தார். அவள் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். காரில் ஏறவில்லை, ஜன்னல் பக்கம் வந்து நின்றார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"பாப்பா, ஒண்ணு சொல்லணும்."

"ஏறுப்பா, நனையற."

"அன்னிக்கி இளஞ்செழியன் வண்டிய வுட்டுடலாம்னு சொன்னான் பாரு. எனக்கு சந்தோசமா இருந்திச்சிம்மா." குடைக் காம்பைத் திருகினார். "மறுபடி நீ என் பின்னால வந்து உக்காருவேன்னு. சீட்டெல்லாம் தைச்சி வெச்சன். முந்தாநேத்து அந்த முள்ளு எறங்குறப்ப ஒம் மூஞ்சியப் பாத்தன். எனக்கு வெக்கமாப் போச்சு."

துர்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். முப்பது வருடமாக அவளைத் தூக்கிய கை. மழையில் சில்லென்று இருந்தது.

"தெரியும்பா" என்றாள். "சீட்டப் பாத்தப்பவே தெரியும். எனக்கு ஒம்மேல கோவம் ஒண்ணும் இல்ல. ஏறு, வீட்ல வுட்டுட்டு ஆபீசுக்குப் போறன்."

"வேணாம். வீட்டுக்கு வந்துட்டுப் போனா ஒனக்கு நேரமாயிடும்." அவர் கையை விடுவித்துக்கொண்டார். "எனக்கு பஸ்ஸு இருக்குது. நீ போ."

அவள் வற்புறுத்த வாயெடுத்தாள். அவர் அதற்குள் ரோட்டைத் தாண்டிக்கொண்டிருந்தார், முட்டியைக் கொஞ்சம் இழுத்து இழுத்து. நிறுத்தத்தின் கூரைக்குள் போய்க் குடையை மடக்கினார். துர்கா கைப்பிடியை மெதுவாக அழுத்தினாள், வண்டி நகர்ந்தது. அவள் எங்கே போனாலும், கண்ணுக்கு மறைகிற வரை பார்த்துக்கொண்டே நிற்பது அவர் வழக்கம். வளைவில் திரும்பும்போது கண்ணாடியில் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.